நின்ற பைக்கிலிருந்து விழுந்தவன்

வேகமாகப் போய் விழுந்தவர்களுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. கடுகண்ணாவை இறக்கத்தில் லொறியை முந்தப் போய்ச் சறுக்கியவர், சாரத்தைத் தூக்கி முழங்கால் தழும்பைக் காட்டிப் பத்து வருடம் கதை சொல்வார். கேட்பவர்களும் வாயில் கை வைத்துக் கேட்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் விழுந்தபோது பைக் ஓடவே இல்லை. ஒழுங்காக பிரேக் பிடித்து, ஒழுங்காக நிறுத்தி, அதற்குப் பிறகு விழுந்தேன். (விழுந்ததைக்கூட மன்னிக்கலாம். அதற்குப் பிறகு நான் செய்த வேலைதான் மோசம்.)

நான் கண்டி டவுனில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் லிகிதர், கடிதம் எழுதும் கிளார்க். வீடு ஹந்தானை ரோட்டில், ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து கொஞ்சம் ஏற வேண்டும். மேல் மாடியில் அண்ணனும் அண்ணியும். கீழே நானும் என் மனைவி கலாவும் மகள் தர்ஷியும். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன். அதனால் அவர் சரி என்றால்தான் எங்கள் வீட்டில் எதுவும் சரி. ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. நான் பதினொரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த பைக்கும் அவர் பெயரில் இருப்பதுதான்.

கலா கணித டீச்சர். போன வருடக் கடைசியில் அவளுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. கலகெதரையிலிருந்து உள்ளே மூன்று கட்டை போக வேண்டிய ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலை. (கட்டை என்றால் எங்கள் பக்கம் மைல்.) வீட்டிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து கலகெதரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து உள்ளே போக பஸ் வந்தால் அதிர்ஷ்டம். எப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் காலை மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். அங்கேயே அறை எடுத்துத் தங்குவதென்றால் தர்ஷியை வாரத்தில் ஐந்து நாள் விட்டுப் பிரிய வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வேலையையே மறந்துவிட வேண்டியதுதான்.

அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. அந்தப் பாடசாலையின் அதிபர் போனில் பேசியிருந்தார். ஓ.எல். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் ஒரு வருடமாகக் கணிதப் பாட நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாராம். அன்றைக்கே அவள் முடிவு எடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் பல் விளக்கிக்கொண்டிருந்த நேரம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, நான் பைக் பழகப் போறேன்."

நான் சிரித்தேன். வாயில் இருந்த நுரை கண்ணாடி முழுக்கத் தெறித்தது. அவள் சிரிக்கவில்லை.

அண்ணன் யோசித்து யோசித்துத்தான் சம்மதித்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. "பழகட்டும். ஆனா ஒரு தடவை விழுந்தாலும் அத்தோட நிப்பாட்டிரணும். ஆஸ்பத்திரி ரோட்டுல கடை வச்சிருக்கிறவன் நான். ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு எனக்குத்தான் தெரியும்." அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பயந்தார்.

பழக்குவதற்கு ஒரு ட்ரைவிங் ஸ்கூலுக்குப் போகலாமா என்று கலா கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் பதினொரு வருட அனுபவசாலி ஒருவன் இருக்கும்போது வெளியில் போய்ப் பழகுவதா? எழுத்துப் பரீட்சையில் பாஸ் பண்ணி அவள் எல் போர்ட்டோடு வந்தாள். நானே அதை வாங்கி பைக்கின் முன்னும் பின்னும் கட்டினேன். கட்டும்போதே எனக்குப் பேராசிரியர் தோரணை வந்துவிட்டது.

இந்த இடத்தில் என் திறமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், ஹந்தானை ரோட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு வித்தை பழகினோம். மேலிருந்து இறங்கும்போது சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் சும்மா உருண்டு வருவது. மேட்டில் இருப்பவர்களுக்குக் கடவுள் கொடுத்த பெட்ரோல் அது. யார் அதிக தூரம் உருள்கிறார்கள் என்று எங்களுக்குள் போட்டியே நடந்தது. மேலே தேயிலை பேக்டரியிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு சொட்டுச் செலவில்லாமல் வந்தவன் நான். பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது, மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. அதைச் சிக்கனம் என்று வெளியில் சொன்னேன். உள்ளுக்குள் அது கலை என்று நினைத்திருந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை காலை. அந்தப் பேக்டரிக்கு முன்னால் கொஞ்சம் மட்டமான இடம் உண்டு. அங்கே கலா ஒரு மணி நேரம் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள். லைசன்ஸ் ட்ரயலுக்கு வேண்டிய எட்டை மூன்று தடவை கால் ஊன்றாமல் போட்டாள். கணித டீச்சர் அல்லவா, கல்லை வைத்து அளந்து வைத்துக்கொண்டு போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை. அவளிடம் திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல், "முதுகை நேரா வச்சுக்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவள் முதுகு நேராகத்தான் இருந்தது.

"இறக்கத்துல நானே ஓட்டிட்டு வரவா?" என்று கேட்டாள்.

"இறக்கம் எட்டுப் போடுற மாதிரி இல்ல. அது வேற பாடம். நீ பின்னால ஏறு. நான் எப்படி எடுக்கிறேன்னு கவனி."

அவள் பின்னால் ஏறினாள். நான் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினேன். பைக் உருளத் தொடங்கியது. தேயிலைக்கு நடுவில் சத்தமே இல்லாமல் இறங்குவது ஒரு தனிச் சுகம். காற்றும் பேச்சும் மட்டும்தான் கேட்கும். பேச்சு முழுவதும் என்னுடையது.

"இறக்கத்துல பயப்படவே கூடாது கலா. பைக்கை நாம ஆளணும். அது நம்மள ஆளக்கூடாது."

"இஞ்சினை ஏன் நிப்பாட்டினீங்க?"

"அதெல்லாம் பிறகு சொல்லித் தாறேன்."

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் ரோட்டின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் ஹோர்னை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. சாவியை நிறுத்தினால் என் பைக்கில் ஹோர்ன் வேலை செய்யாது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தும் மறுபடி அழுத்தினேன், மூன்றாம் முறையும் அழுத்தினேன். நாய் அசையவில்லை. அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதற்கு ஒன்றுமே கேட்கவில்லை. நான் இடப்பக்கம் ஒதுங்கி, மெதுவாக பிரேக் பிடித்து, நாய்க்கு ஒரு முழம் முன்னால் அழகாக நிறுத்தினேன்.

"பாத்தியா? பதறாம இப்படித்தான்..." என்று சொல்லிக்கொண்டே இடது காலைக் கீழே வைத்தேன்.

கீழே ஒன்றும் இல்லை. புல் இருந்தது, புல்லுக்குக் கீழே கான் இருந்தது. தண்ணீர் ஓடும் கான். மழைக்குப் பிறகு புல் வளர்ந்து அதை மூடியிருந்தது. கால் தரையைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. பைக்கும் என்னோடு சாய்ந்தது. அவசரமே இல்லாமல் சாய்ந்தது. அந்த நேரத்தில் நான் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்திருக்கலாம். முதலில் நான் கானுக்குள் போனேன், என் மேல் கலா வந்தாள், எங்கள் இருவர் பக்கத்திலும் பைக் வந்து சாய்ந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

கலாவுக்கு உள்ளங்கையில் கொஞ்சம் தோல் போயிருந்தது. அவள் உடனே எழுந்து, முதலில் என்னைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு இடது மணிக்கட்டு சுளுக்கி, முழங்கால் சிராய்த்திருந்தது. பிறகு அவள் ஹேண்டிலைப் பிடித்துப் பைக்கை நிமிர்த்தப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் ஒரு த்ரீவீலர் மேலே ஏறி வந்தது. அண்ணன் கடைக்கு எதிரே ஸ்டாண்டில் நிற்கும் சிங்களப் பையன்தான் ஓட்டி வந்தவன், முகப் பழக்கம் உண்டு. அவன் எங்களைப் பார்த்தான். எல் போர்ட்டைப் பார்த்தான். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கலாவைப் பார்த்தான். கானுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தான்.

"மஹத்தயா, நோனாட்ட உகன்வனவத?"

ஐயா, அம்மணிக்குப் பழக்கிக் கொடுக்கிறீங்களா என்று சிங்களத்தில் கேட்டான். நான் ஒரு கணம்தான் யோசித்தேன். கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் என்ன? பழக்கிக் கொடுப்பது உண்மைதானே.

"ஒவ்" என்றேன். ஆமாம்.

"அனே பவ்" என்று அவன் எனக்காகப் பரிதாபப்பட்டான். என்னைத் தூக்கி விட்டான். இந்த இறக்கத்தில் பெண்களுக்கு ஓட்டக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இப்படித்தான் என்று அறிவுரையும் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். கலா அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப் பார்வை என்றால் சமாளித்திருப்பேன். கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதைக் கண்டுவிட்ட டீச்சரின் பார்வை அது.

எனக்குக் கையில் கட்டுப் போட்டு வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கலா பைக்கைக் கானுக்குள்ள விட்டுட்டாளாமே?" என்று என்னைக் கேட்டார்.

அது இன்னொரு சந்தர்ப்பம். 'இல்ல அண்ணே, நான்தான்' என்று சொல்ல மூன்று சொல் போதும். நான், "பெரிசா ஒண்ணும் இல்லண்ணே. மெதுவாதான் விழுந்தது" என்றேன். பெருந்தன்மையாக மனைவியைக் காப்பாற்றும் கணவனின் குரலில் சொன்னேன். அண்ணன் என் நல்ல மனதை மெச்சிக்கொண்டு கையை நீட்டினார். நான் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார்.

கலா அங்கேயே போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் உள்ளே போய் உள்ளங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கம்பக்கத்தவர்கள் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு என்னைப் பார்க்க வந்தார்கள். நான் கதிரையில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அனுதாபங்களைப் பெற்றேன். எல்லோரும் என்னை விசாரித்துவிட்டு, போகும்போது கலாவுக்கு ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்கள். "பொம்பளைக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை" என்று ஒருவர். "மனுசன் உசுரு தப்பினதே பெரிய விசயம்" என்று இன்னொருவர். கலா எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். மத்தியானம் எனக்கு நண்டுக் குழம்பு வைத்தாள். ஒரு கையால் நண்டு சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குக் குழம்பும் சோறும்தான் சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உடைத்து, நிதானமாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காரியாலயத்திலும் இதே கதைதான். இரண்டு நாளில் நான் அதை ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லாமல் சொன்னேன், அதுதான் விசேஷம். "கலாவுக்குப் பழக்கப் போனேன்", "இறக்கத்துல ஒரு நாய்", "கானுக்குள்ள போயிட்டோம்". எல்லாம் உண்மை. யார் முன்னால் உட்கார்ந்திருந்தது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அண்ணன் கீழே வந்தார். பாடசாலைத் தவணை தொடங்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"இனி இழுத்துக்கிட்டு இருக்க ஏலாது. வேணாம்னு எழுதிக் குடுத்துருவோம். தம்பி, உனக்குத்தான் கடிதம் எழுத வருமே, நீயே எழுது. கலா கையெழுத்து வைக்கட்டும்."

கலா, "சரி அத்தான், எழுதட்டும்" என்றாள். அவ்வளவுதான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளாக அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன், அவள் அழுதிருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்காக அவள் தயாரித்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் மேசையில் ஒரு நூலால் கட்டப்பட்டிருந்தன.

நான் லிகிதர். என் தொழிலே கடிதம். கை தானாக எழுதியது. 'மேற்படி பாடசாலைக்குச் சமூகமளிக்கும் பொருட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பயிலும்போது, ஹந்தானை வீதியில் என் கட்டுப்பாட்டை இழந்து வீழ்ந்தமையால்...' மடமடவென்று முடித்துக் கலாவிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். பரீட்சைத் தாள் பார்ப்பது போல விரலை வைத்து வாசித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இதுல ஒரு பிழை இருக்குங்க" என்றாள். பேனையை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே திருத்துங்க."

எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தர்ஷி கொப்பியை மூடிவிட்டுப் பார்த்தாள். பேனை என் கையில் இருந்தது. 'என் கட்டுப்பாட்டை இழந்து' என்ற இடத்தை என்ன செய்வது? அந்தக் கடிதத்தில் 'என்' என்றால் கலா. அதைத் திருத்த வேண்டுமானால் கடிதத்தையே கிழிக்க வேண்டும். கிழித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு ஓட்டினது நான்."

அண்ணனுக்கு விளங்கவில்லை. "எது?"

"கலா பின்னாலதான் இருந்தா. நான்தான் ஓட்டினேன். அவ மேல பேக்டரி முன்னுக்கு மட்டும்தான் ஓட்டினா. எட்டு மூணு தரம் போட்டா, காலே ஊனல. இறக்கத்துல நானே எடுக்கிறேன்னு எடுத்து, இஞ்சினை நிப்பாட்டி, கானுக்குள்ள காலை வச்சது நான்தான்."

"எவ்வளவு வேகத்துல?"

இந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். "பைக் நின்னுக்கிட்டு இருந்துச்சு அண்ணே" என்றேன்.

அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாலு நாளாடா?" என்று மட்டும் கேட்டார். சின்ன வயதில் அவரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு சொல் மாதிரி எதுவும் வலித்ததில்லை. பிறகு எழுந்து குசினி வாசலுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கலாவிடம் நீட்டினார்.

"அந்த ட்ரைவிங் ஸ்கூல்லயே பழகும்மா. இவன் வேணாம்."

பிற்பாடு ஒருநாள் நான் அவளிடம் கேட்டேன். அன்றைக்கே நீ ஏன் சொல்லவில்லை?

"சொன்னா யாரு நம்புவா? எல் போர்ட் போட்டவ, புருசன் மேல பழியைப் போடுறான்னு சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு, "நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "முதல் நாளே சொல்லுவீங்கன்னு."

நான் ஏன் சொல்லவில்லை என்று எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன். வெட்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பதினொரு வருடம் அவள் என் பின்னால் உட்கார்ந்துதான் எங்கும் போனாள். அவள் போகும் இடமெல்லாம் நான் கொண்டுபோய் விடும் இடமாக இருந்தது. அவள் எட்டுப் போட்டதைப் பார்த்த அன்றைக்கு, இனி இவளுக்கு நான் தேவையில்லை என்று ஒரு பயம் வந்தது. அண்ணனின் பயம் ஆஸ்பத்திரி ரோட்டில் பார்த்த பயம். என்னுடையது சொல்லிக்கொள்ளக் கூடிய பயம்கூட இல்லை. அதை அவளிடம் சொன்னபோது, "லூசு" என்றாள். அத்தோடு அதை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

கலா முதல் தடவையிலேயே ட்ரயல் பாஸ் பண்ணினாள். தவணை தொடங்கிய நாளிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கலகெதரைக்குப் போய் வருகிறாள். இறக்கத்தில் இஞ்சினை நிறுத்துவதில்லை. நிற்கும்போது தரையைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாள். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமைகளில் அவள் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போவேன். பின்னால் இருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரித்தான் தெரிகிறது. நான் எத்தனை தடவை வளைவில் அகலமாகத் திரும்பியிருக்கிறேன், எத்தனை தடவை அவள் பயந்துகொண்டு பேசாமல் இருந்திருப்பாள் என்று இப்போதுதான் புரிகிறது.

வீட்டில் இதற்கு ஒரு வழக்கமும் உண்டாகிவிட்டது. குழம்பில் உப்புக் கூடினாலும், கண்ணாடிக் கிளாஸ் உடைந்தாலும், யார் செய்தது என்று கேட்டால் குற்றவாளி கையைப் பிடித்துக்கொண்டு, "பழக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். அண்ணன்கூட ஒரு நாள் பெயின்ட் டின்னைத் தட்டி விட்டுவிட்டு அப்படிச் சொன்னார்.

போன மாதம் ஒரு மழை நாள். கலா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். அண்ணனும் நானும் வாசலிலேயே நின்றோம், தர்ஷி உள்ளிருந்து ஓடி வந்தாள். உடுப்பெல்லாம் சேறு, பைக்கின் ஒரு பக்கக் கண்ணாடி வளைந்திருந்தது. பைக்கை நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டு, நாங்கள் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"ஸ்கூல் கேட் கிட்ட விழுந்துட்டேன். அடி ஒண்ணும் இல்ல. சேத்துல முன் பிரேக்கைப் பிடிச்சது நான்தான், என் பிழை."

அண்ணன் சாவிக்குக் கையை நீட்டவில்லை. "தண்ணி சுட வச்சிருக்கு, போய்க் குளிம்மா" என்றார். அவள் அதற்குப் பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். தர்ஷி அவளைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "அம்மாவுக்கு நாலு நாள் எடுக்கல."